பயப்பிடாதே எண்டு இனிச் சொல்லாதேங்கோ

செத்தவீட்டுக்குப் போனால் மூன்று வசனங்கள் கட்டாயம் காதில் விழும். "பிறந்தவன் ஒருநாள் போகத்தானே வேணும்." "அழாத, இனி நீதான் வீட்டுக்கு ஆம்பிளை." "ஆத்மாவுக்கு அழிவில்லை, பிறகென்ன பயம்?" பந்தலுக்குள் பிளாஸ்ரிக் கதிரையில் இருக்கிற பெரியாக்களில் ஒருவர் இதைச் சொல்லுவார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அதற்குப் பிறகு கதை காணி விலைக்கும் கனடா விசாவுக்கும் போய்விடும். உள்ளே பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற பதினாறு வயதுப் பெடியன் அந்த வசனத்தை விழுங்கிக்கொண்டு அழாமல் இருப்பான்.

நாங்கள் அந்தப் பெடியனைப் பற்றித்தான் எழுதுகிறோம். மரண பயத்தை வெல்லுவது எப்பிடி எண்டு சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை. எங்களுக்கு இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயது, சாவுக்கு நாங்களும் பயம். எங்கட வழக்கு வேறு. எங்கட சமூகம் இந்தப் பயத்தைக் குற்றமாக்கி வைத்திருக்கிறது, அந்தப் பழக்கம் ஆக்களைத் தனியாக விடுகிறது, அதை நிறுத்த வேணும். இதுதான் நாங்கள் சொல்ல வந்தது.

முதலில் எங்கட அறைக் கதை. எங்களோட போர்டிங்கில் இருக்கிற நண்பன் ஒருவனின் அப்பா, அவன் ஏ.எல். படிக்கும்போது மாரடைப்பில் போய்விட்டார். 47 வயது. காலமை சைக்கிள் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. செத்தவீட்டில் மேலே சொன்ன மூன்று வசனமும் அவனுக்கும் கிடைத்தது. அவன் அழவில்லை. கொள்ளி வைத்தான், எட்டுச் செலவுக்குச் சாமான் வாங்கினான், அந்தியேட்டிக்குக் கீரிமலைக்குப் போனான், சோதனை எழுதினான், கம்பஸுக்கும் வந்தான். எல்லாரும் "நல்ல பெடியன், தாங்கிட்டான்" எண்டு சொன்னார்கள்.

இரண்டாம் வருடம் ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு அவன் எழும்பி எங்களைத் தட்டினான். நெஞ்சு அடைக்குதாம், கை விறைக்குதாம், "மச்சான் நான் சாகப்போறன்" எண்டான். ஓட்டோ பிடித்துக்கொண்டு ஓடினோம். இசிஜி எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. அடுத்த மாதமும் அதேதான். மூன்றாம் தரம் போனபோது, "தம்பி, இளம் பெடியனுக்கு என்ன ஹார்ட் அட்டாக், சும்மா பயப்பிடாமல் போய்ப் படு" எண்டு அனுப்பி விட்டார்கள். அதற்குப் பிறகு அவன் எங்களையும் எழுப்புவதை விட்டுவிட்டான். இடப்பக்கம் திரும்பிப் படுக்க மாட்டான். போனில் நாடித்துடிப்பு எண்ணுகிற ஆப் ஒன்றைப் போட்டு, விடியும்வரை விரலை வைத்துக்கொண்டு இருப்பான். இது எங்களுக்குத் தெரியவர நாலு மாதம் பிடித்தது. ஒரே அறையில் நாலு மாதம்!

வீட்டில் சொன்னபோது நூல் கட்டினார்கள். தெரிந்த ஒருவர் "காதல் பிரச்சினை ஏதுமோ" எண்டு கேட்டார். கடைசியில் மனநல கிளினிக் ஒன்றில் ஒரு டொக்டர் பத்து நிமிடம் செலவழித்து விளங்கப்படுத்தினார். பயம் வந்தால் உடம்பு அதிரனலினைச் சுரக்கும், இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு வேகமாகும். மூச்சு அளவுக்கு மிஞ்சி வேகமானால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறையும். அதனால்தான் விரல் விறைக்கும், தலை சுற்றும், நெஞ்சு இறுகும். அது சாவு மாதிரியே இருக்கும், ஆனால் சாவு இல்லை. கொஞ்ச நேரத்தில் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும். முதல் தரம் வந்தால் இதயத்தைச் சோதிக்கத்தான் வேணும், அது சரி. சோதித்து ஒன்றும் இல்லையெண்டு தெரிந்த பிறகு செய்ய வேண்டிய வேலை பயத்தைப் பற்றிக் கதைக்கிறது. அந்த டொக்டர் "பயப்பிடாதே" எண்டு சொல்லவில்லையாம். "எப்ப தொடங்கினது?" எண்டுதான் கேட்டாராம். அவன் அப்பாவின் கதையைச் சொல்லி அங்கே இருந்து அழுதானாம், நாலு வருடத்துக்குப் பிறகு.

இப்ப நீங்கள் சொல்லுங்கோ. அந்த நாலு வருடத்தையும் அவனிடமிருந்து எடுத்தது சாவா, அல்லது செத்தவீட்டில் கேட்ட அந்த மூன்று வசனமா?

"பெரியாக்கள் சும்மா சொல்லேல்லை, எங்கட சமயமும் தத்துவமும் அதைத்தானே சொல்லுது" எண்டு ஒரு பதில் வரும். சரி, அங்கேயே போவோம்.

நமனுக்கு அஞ்சோம் எண்டு அப்பர் பாடியதை மேடைக்கு மேடை எடுத்து விடுகிறார்கள். அந்தத் தாண்டகம் எந்த இடத்தில் பாடப்பட்டது? பல்லவ மன்னனின் ஆட்கள் வந்து அழைத்தபோது, வரமாட்டேன் எண்டு மறுத்துப் பாடியதாகப் பெரியபுராணம் சொல்கிறது. அதிகாரத்தைப் பார்த்துப் பாடிய பாட்டு அது. அப்பாவை இழந்த பிள்ளையின் வாயை அடைப்பதற்குப் பாடியது இல்லை. பட்டினத்தாரைப் பாருங்கோ. உடம்பு நிலையில்லை, உறவு நிலையில்லை எண்டு பாடித் திரிந்த மனுசன். தாய் செத்தபோது சுடலையில் நின்று அவர் பாடியதைப் படித்தவர்களுக்குத் தெரியும், அது துறவியின் குரல் இல்லை, பிள்ளையின் அழுகை. எல்லாத்தையும் துறந்தவரே அழுதிருக்கிறார். ஒன்றையும் துறக்காத நாங்கள் ஏன் அழக்கூடாது?

கலைப்பீடத்துப் பெடியள் எண்டால் எபிகூரஸைக் கொண்டு வருவார்கள். கி.மு. 270 இல் இறந்த கிரேக்கத் தத்துவவாதி. நாங்கள் இருக்கும்வரை மரணம் இல்லை, மரணம் வரும்போது நாங்கள் இல்லை, ஆகவே பயப்பட ஒன்றுமில்லை என்பது அவரின் வாதம். கேட்க வடிவாக இருக்கும். ஆனால் ஆரும் செத்த பிறகு இருக்கப்போகிற நிலையை மட்டும் நினைத்துப் பயப்படுவதில்லை. வலிக்குமே எண்டு பயம். பிள்ளையளை ஆர் பார்ப்பது எண்டு பயம். செய்யாமல் விட்டதை நினைத்துப் பயம். எபிகூரஸ் கடைசி நாளில் இதொமெனியுஸ் என்ற நண்பருக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. அதில் தன் உடம்பின் வேதனையைச் சொல்லிவிட்டு, இறந்துபோன நண்பர் மெத்ரோதோரஸின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள் எண்டு கேட்கிறார். மரணம் ஒன்றுமில்லை எண்டு சொன்னவருக்கும், தான் போன பிறகு பிள்ளைகளுக்கு என்ன நடக்கும் எண்ட யோசனை இருந்திருக்கிறது. அது அவரின் தோல்வி இல்லை. அதுதான் மனுசத்தனம்.

மரண பயம் எண்டு ஒரு பயம் இல்லை. பல பயங்களுக்கு நாங்கள் ஒரே பெயர் வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு. வலிக்குப் பயப்படுகிறவருக்கு மருந்து வேணும், தத்துவம் இல்லை. பிள்ளைகளை நினைத்துப் பயப்படுகிறவருக்குப் பிள்ளைகளைப் பற்றி ஒரு ஏற்பாடு வேணும். சண்டை பிடித்த உறவை நினைத்துப் பயப்படுகிறவருக்கு அந்த உறவு வர வேணும். "பயப்பிடாதே" என்கிற ஒற்றைச் சொல், எந்தப் பயம் எண்டு கேட்க முதலே கதவைச் சாத்திவிடுகிறது.

கதவைச் சாத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு இன்னொரு வீடு.

எங்களில் ஒருத்தியின் அம்மம்மாவுக்குப் புற்றுநோய். குடும்பம் கூடி முடிவெடுத்தது, அவவுக்குச் சொல்லக்கூடாது. "தெரிஞ்சால் பயத்திலேயே போயிடுவா." அல்சர் எண்டு சொன்னார்கள். கிளினிக் கொப்பியை ஒளித்தார்கள். வாட்டில் மிஸ்ஸிமாரிடமும் சொல்லி வைத்தார்கள். பேரப்பிள்ளைகளுக்கும் கட்டளை, அம்மம்மாவுக்கு முன்னால் அழக்கூடாது. அம்மம்மா மூன்று தரம் கேட்டா, "எனக்கு என்ன வருத்தம், உண்மையைச் சொல்லுங்கோ" எண்டு. மூன்று தரமும் அல்சர். நாலாம் தரம் அவ கேட்கவில்லை. அவவுக்கு விளங்கிவிட்டது. தனக்கு விளங்கியது எங்களுக்குத் தெரியக்கூடாது எண்டு அவவும் நடிக்கத் தொடங்கினா. ஒரே வீட்டில் எல்லாரும் எல்லாருக்கும் நடித்தார்கள்.

அவவுக்கு ஒரு தங்கச்சி. எல்லை வேலிச் சண்டையில் பதினொரு வருடம் கதைபேச்சு இல்லை. இரண்டு வளவு தள்ளித்தான் இருந்தா. கடைசி மாதத்தில் ஒருநாள் அம்மம்மா, "அவளை ஒருக்கா வரச் சொல்லுங்கோவன்" எண்டா. வீட்டில் திரும்பவும் கூட்டம். இத்தனை வருடத்துக்குப் பிறகு தங்கச்சி வந்து நின்றால் அம்மம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிடுமாம், பயந்துவிடுவாவாம். "சுகம் வரட்டும், பிறகு கூப்பிடுவம்" எண்டு சொல்லித் தள்ளினார்கள். தங்கச்சி வந்தா, செத்தவீட்டுக்கு. பெட்டியைப் பிடித்துக்கொண்டு அவ சொன்ன ஒப்பாரியில் வேலியும் இருந்தது, அந்தப் பதினொரு வருடமும் இருந்தது. கேட்க வேண்டிய ஆள் கேட்கவில்லை.

நாங்கள் அந்த அம்மாவையோ மாமாமாரையோ குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதை எழுதவில்லை. அவர்கள் இரவு பகலாக முழித்துப் பார்த்தவர்கள். ஆனால் ஒரு கேள்வி கேட்கத்தான் வேணும். அந்தப் பொய் ஆரைக் காப்பாற்றியது? அம்மம்மாவையா, அவவின் முகத்தைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்லப் பயந்த எங்களையா?

டோல்ஸ்டோய் 1886 இல் வெளியிட்ட 'இவான் இலியிச்சின் மரணம்' இதே வீட்டைத்தான் எழுதியிருக்கிறது. அங்கே சாகிற மனுசனை வலியோடு சேர்த்து வதைப்பது, சுற்றி உள்ள எல்லாரும் "வருத்தம்தான், சுகம் வந்துவிடும்" எண்டு நடிக்கிற பொய். அந்த வீட்டில் நடிக்காத ஒரே ஆள் வேலைக்காரப் பெடியன் கெராசிம். எல்லாரும் ஒருநாள் சாகிறவர்கள்தானே எண்டு சாதாரணமாகச் சொல்லி, அவரின் காலைத் தன் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு இருப்பான். அந்த மனுசனுக்கு ஆறுதல் கிடைப்பது அங்கே மட்டும்தான். எங்கட பெடியனின் செத்தவீட்டிலும் "பிறந்தவன் ஒருநாள் போகத்தானே வேணும்" எண்டுதானே சொன்னார்கள், இரண்டும் ஒன்றுதானே எண்டு கேட்கலாம். இல்லை. கெராசிம் அதைச் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே இருந்தான். எங்கட ஆக்கள் அதைச் சொல்லிவிட்டுக் காணி விலைக்குப் போனார்கள்.

"சொன்னால் நம்பிக்கை போயிடும்" என்பது அடுத்த வாதம். நம்பிக்கை எண்டால் சுகமாவது ஒன்றுதான் எண்டு ஆர் சொன்னது? வலியில்லாமல் ஒரு இரவு நித்திரை கொள்ளுவதும் நம்பிக்கைதான். தங்கச்சியின் கையைப் பிடிப்பதும் நம்பிக்கைதான். சிசிலி சோண்டர்ஸ் என்ற பெண் முதலில் தாதியாக, பிறகு சமூகப் பணியாளராக, அதற்குப் பிறகு டொக்டராகப் படித்து, 1967 இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்தோபர்ஸ் என்ற பராமரிப்பு இல்லத்தைத் தொடங்கினார். சாகிறவரின் வலி உடம்பில் மட்டும் இல்லை, மனத்திலும் உறவிலும் நம்பிக்கையிலும் இருக்கிறது, நாலையும் சேர்த்துத்தான் பார்க்க வேணும் எண்டு அவர் சொன்னார். உலக சுகாதார நிறுவனம் 1986 இலேயே புற்றுநோய் வலிக்கான மருந்துப் படிமுறையை வெளியிட்டுவிட்டது. அதில் மோர்ஃபினும் இருக்கிறது, வாயாலும் கொடுக்கலாம். ஆனால் மோர்ஃபின் எண்டால் "கடைசி மருந்து" எண்டு பயந்து வேண்டாம் என்கிற வீடுகள் எங்கட ஊரில் இருக்கின்றன. பாருங்கோ, சாவைப் பற்றிக் கதைக்கப் பயந்து, வலியோடு விடுகிறோம்.

"எல்லாருக்கும் உண்மை தெரிய விருப்பம் இருக்காது" என்பது உண்மையான வாதம், அதை நாங்கள் ஏற்கிறோம். அதற்கு வழி கேட்பதுதான். "உங்கட வருத்தத்தைப் பற்றி எவ்வளவு தெரிய விருப்பம்?" எண்டு ஒரு கேள்வி. வேண்டாம் எண்டால் விடுவோம். ஆனால் மூன்று தரம் கேட்ட அம்மம்மா வேண்டாம் எண்டு சொல்லவில்லையே.

இனிக் கொஞ்சம் சங்கடமான இடத்துக்கு வருவோம். எங்களுக்கு மட்டும் ஏன் பயம் இவ்வளவு வெட்கமாக இருக்கிறது?

எங்களில் சிலருக்கு 2009 இல் ஆறு, ஏழு வயது. பங்கருக்குள் இருந்தபோது "பயப்பிடாத பிள்ளை" எண்டு அம்மா சொன்னதும், சொல்லும்போது அவவின் கை நடுங்கியதும் சிலருக்கு இப்பவும் ஞாபகம். அந்த இடத்தில் அந்தச் சொல் அன்பு. வேறு கொடுக்க அவவிடம் ஒன்றும் இருக்கவில்லை. நாங்கள் அந்தச் சொல்லை எதிர்க்கவில்லை. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் எங்கட சமூகத்தில் இன்னொரு "பயப்பிடாதே" இருந்தது, இருக்கிறது. சாவுக்கு அஞ்சாதவனே தமிழன், அஞ்சினவன் கோழை என்கிற சொல். மேடையில், போஸ்டரில், பாட்டில். ஒவ்வொரு மே மாதமும் கஞ்சி குடிக்கிறோம், விளக்கு ஏற்றுகிறோம். அதைச் செய்யத்தான் வேணும். ஆனால் பயந்து ஓடினவர்கள், பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினவர்கள், உயிரோடு இருக்க வேணும் எண்டு ஆசைப்பட்டவர்கள், அவர்களும் எங்கட ஆக்கள்தானே. அவர்களின் பயத்துக்கு எங்கட நினைவுகூரலில் எங்கே இடம்? துணிவை மட்டும் ஞாபகம் வைத்திருந்தால், பயந்த எல்லாரையும் இரண்டாம் தரம் கைவிடுகிறோம்.

யாழ்ப்பாணத்தில் இருந்து பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரின் மனக்காயங்களைப் பற்றி 'மனவடு' எழுதினார். இந்தச் சமூகத்தின் நோயைப் பெயர் சொல்லி எழுதிய ஒரு ஆள் எங்களிடையே இருந்திருக்கிறார். அதைப் படிக்காமல், தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவரை மண்டபத்துக்குக் கூப்பிட்டு "எதையும் வெல்லலாம்" எண்டு கைதட்டுகிறோம்.

பயம் வெறும் மனப்பிரமை எண்டு சொல்லுகிறவர்களுக்கு இன்னும் இரண்டு விசயம். 2020 இல் கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களை இந்த அரசு கட்டாயமாக எரித்தது. அடக்கம் செய்யலாம் எண்டு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் இருந்தும் எரித்தது. பிறந்து இருபது நாளான குழந்தையையும் எரித்தது. பொரளை மயானத்து வேலியில் சனம் வெள்ளைத் துணி கட்டியது. 2021 பெப்ரவரி கடைசியில்தான் அடக்கம் செய்ய அனுமதி வந்தது, மார்ச்சில் ஓட்டமாவடியில் தொடங்கியது. அந்த மாதங்களில் வருத்தம் வந்த ஒரு முஸ்லிம் முதியவரிடம் போய் "சாவுக்குப் பயப்பிடாதேங்கோ" எண்டு சொல்ல ஆருக்கு வாய் வரும்? அவரின் பயம் உண்மையானது. அதைப் போக்குவதற்கு வர்த்தமானியை மாற்ற வேண்டியிருந்தது.

மற்றது கிளிநொச்சி. 2017 பெப்ரவரி 20 இல் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் அங்கே தெருவோரத்தில் இருக்கத் தொடங்கினார்கள். தேடித் தேடி, பதில் கிடைக்காமலே செத்துப்போன அம்மாமார் எத்தனை பேர். அவர்களுக்கும் மரண பயம் இருந்தது. தாங்கள் போனால் பிள்ளையைத் தேட ஆளில்லையே என்கிற பயம் அது. எந்த ஆத்மத் தத்துவம் அதற்குப் பதில் சொல்லும்? அதற்கு ஒரேயொரு மருந்துதான், உண்மை. அது கொழும்பில் கோப்புகளுக்குள் கிடக்கிறது.

ஆகவே எங்களிடம் பயத்தை வெல்லச் சொல்ல முதல், பயத்தின் காரணத்தைப் பாருங்கோ. சிலது டொக்டர் தீர்க்க வேண்டியது, சிலது அரசு தீர்க்க வேண்டியது, சிலது தங்கச்சியை ஒருக்கா வரச் சொன்னால் தீருகிறது. எதாலும் தீராத மிச்சமும் ஒன்று இருக்கும். நாங்கள் எல்லாரும் ஒருநாள் இல்லாமல் போவோம் என்கிற அந்த மிச்சம். அதோட வாழத்தான் வேணும். ஆனால் தனியாக வாழ வேண்டியதில்லை.

நாங்கள் கேட்பது சின்ன விசயங்கள். செத்தவீட்டில் பிள்ளையளை அழ விடுங்கோ, ஆம்பிளைப் பிள்ளையளையும். அவர்கள் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லுங்கோ, பதில் தெரியாட்டில் தெரியாது எண்டு சொல்லுங்கோ. எட்டும் முப்பத்தொன்றும் முடிந்து பந்தல் கழற்றின பிறகும் ஒருக்கா அந்த வீட்டுக்குப் போங்கோ. அப்பதான் ஆள் தேவை. ஒப்பாரியைப் பட்டிக்காட்டுப் பழக்கம் எண்டு நக்கல் அடிக்காதேங்கோ, துக்கத்துக்குச் சொல் கொடுத்தது அதுதான். வருத்தக்காரரிடம் கேளுங்கோ, என்ன தெரிய வேணும், ஆரைப் பார்க்க வேணும் எண்டு. பல்கலைக்கழகங்களில் ராக்கிங்குக்கு எதிராகக் கூட்டம் வைக்கிற மாதிரி, புதுமுக மாணவர்களுக்கு மனநலம் பற்றியும் ஒரு நாள் வையுங்கோ. எங்களைப் போல இரவு இரண்டு மணிக்கு என்ன செய்வது எண்டு தெரியாமல் நிற்கிறவர்கள் 1926 என்ற தேசிய மனநல இலக்கத்தை போனில் சேமித்து வையுங்கோ.

எங்கட நண்பனுக்கு இப்பவும் இடைக்கிடை வரும், முந்தி மாதிரி இல்லை. போன கிழமை வந்தது. அவன் எங்களை எழுப்பினான். லைற்றைப் போட்டுவிட்டு நாங்கள் பக்கத்தில் இருந்தோம். ஒருத்தன் தேத்தண்ணி வைத்தான். "பயமா இருக்கு மச்சான்" எண்டான். "ஓம், தெரியும். நாங்கள் இருக்கிறம்" எண்டோம். அரை மணித்தியாலத்தில் இறங்கிவிட்டது. ஆப்பை அழித்துவிட்டானா எண்டு நாங்கள் கேட்கவில்லை. விடிய அவன் இடப்பக்கம் திரும்பி நித்திரையாகக் கிடந்தான்.